சிங்கப்பூர் க்ரூஸ்: கப்பலை ஒப்பிடும்போதும் கரையிறங்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, போர்ட் கிளாங், தாய்லாந்தின் புக்கெட் போய்த் திரும்பும் மூன்று, நான்கு இரவு க்ரூஸ்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நிறையக் குடும்பங்கள் போகின்றன. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு அது பள்ளி விடுமுறைப் பயணம். எந்தக் கப்பல் என்று முடிவெடுக்கும்போது முதலில் விலையைப் பார்ப்பார்கள், அடுத்து நீச்சல் குளம், சறுக்கு, சாப்பாடு. கரையில் எத்தனை மணி நேரம் கையில் நிற்கும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. பாதி ஏமாற்றம் அங்கிருந்துதான் வருகிறது.

"4 நாள், 3 இரவு" என்ற விளம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பிற்பகலில் ஏறுகிறோம். கடைசி நாள் காலையில் பெட்டியோடு இறக்கிவிடுகிறார்கள். முழுசாகக் கிடைப்பது நடுவில் இரண்டே நாள், அதிலும் ஒன்று பெரும்பாலும் கடலிலேயே கழியும். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு கடல்வழியில் சுமார் 380 கடல் மைல். மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் போனால் 21 மணி நேரம். மாலை 5 மணிக்குக் கிளம்பும் கப்பல் மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு முன் பினாங்கைத் தொட முடியாது. ஆகவே ஒரு பயணத்திட்டத்தில் "பினாங்கு" என்றிருந்தால் அது காலை 8 முதல் மாலை 5 வரையா, பிற்பகல் 2 முதல் இரவு 10 வரையா என்று கேளுங்கள். ஊர் ஒன்றுதான், ஆனால் அங்கே செய்ய முடிகிற காரியங்கள் வேறு.

விலையை ஒப்பிடும்போது

"ஆளுக்கு இவ்வளவு" என்ற தொகை, ஒரு கேபினில் இருவர் தங்கும் கணக்கு. தனியாகப் போகிறவர் பல கம்பெனிகளில் கிட்டத்தட்ட இருவருக்கான கட்டணத்தையே கட்ட வேண்டியிருக்கும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குச் சலுகை உண்டு. அதனால் குடும்பமாகப் போகிறவர்கள் கேபினுக்கு மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு ஒப்பிட வேண்டும். ஒரு கம்பெனி துறைமுக வரியைச் சேர்த்துச் சொல்லும், இன்னொன்று கடைசிப் பக்கத்தில் கூட்டும்.

டிப்ஸ் அதைவிடப் பெரிய பள்ளம். "விருப்பப்பட்டால் கொடுப்பது" என்று நினைத்துக்கொண்டு ஏறுகிறோம். நிஜத்தில் அது தினக் கட்டணம், தானாகவே பில்லில் ஏறும், குழந்தைக்கும் உண்டு. ராயல் கரீபியன் கம்பெனியில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 அமெரிக்க டாலர் என்று 2024 நவம்பரில் உயர்ந்தது. அந்தக் கணக்கில் நால்வர் குடும்பத்துக்கு நான்கு இரவில் 296 டாலர். டிக்கெட்டில் 200 டாலர் மிச்சம் பிடித்த மகிழ்ச்சி அங்கேயே காலி. ஒப்பிடும் இரண்டு கப்பலுக்கும் டிக்கெட், வரி, டிப்ஸ், வைஃபை நான்கையும் ஒரே தாளில் கூட்டிப் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று சொல்ல முடியும். மதுபான பேக்கேஜ் வாங்குவதாக இருந்தால் விதியைப் படியுங்கள். கேபினில் ஒருவர் வாங்கினால் அதே கேபினில் உள்ள மற்றப் பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்று சில கம்பெனிகளில் நிபந்தனை உண்டு.

பெரிய கப்பல் என்றால் தாராளமாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. கப்பலின் உள்ளளவைக் காட்டும் மொத்த டன்னேஜைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் நெரிசல் தெரிந்துவிடும், எண் குறைந்தால் நெரிசல் அதிகம். 2016இல் வந்த கென்டிங் ட்ரீம் 1,50,695 டன், கேபினுக்கு இருவர் கணக்கில் சுமார் 3,350 பேர். வகுத்தால் 45. ஆன்தம் ஆஃப் த சீஸ் அதைவிடப் பெரிது, 1,68,666 டன், ஆனால் அதே கணக்கில் சுமார் 4,180 பேர், எனவே 40. பள்ளி விடுமுறையில் எல்லாப் படுக்கையும் நிறைந்து ஆன்தமில் 4,905 பேர் ஏறினால் அது 34ஆக இறங்கும். லிஃப்ட்டிலும் பஃபேயிலும் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஜூன், டிசம்பர் விடுமுறையைத் தவிர்க்க முடிந்தால், கப்பலை மாற்றுவதைவிடத் தேதியை மாற்றுவதே அதிகப் பலன் தரும்.

மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான கடல். குமட்டலுக்குப் பயந்து கீழ்த்தளத்தில் நடுக் கேபினுக்குக் கூடுதலாகக் கொடுப்பது இந்த வழித்தடத்தில் பெரும்பாலும் வீண் செலவு. தளப் படத்தை வைத்து, தலைக்கு மேலே நீச்சல் குளமோ காலடியில் தியேட்டரோ இல்லாத கேபினாகப் பாருங்கள், அது போதும்.

துறைமுகத்தின் பெயரும் ஊரின் பெயரும்

பயணத்திட்டத்தில் கோலாலம்பூர் என்று பெரிதாகவும் போர்ட் கிளாங் என்று சிறிதாகவும் போட்டிருக்கும். நீண்ட பயணங்களில் பாங்காக் என்றால் லேம் சபாங், நகரிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஹோ சி மின் நகரம் என்றால் பெரிய கப்பல்கள் நிற்பது ஃபூ மீ, அங்கிருந்து நகருக்குச் சாலையில் இரண்டு மணி நேரம் ஆகும். சிறிய எழுத்தில் இருக்கும் பெயரை மேப்பில் போட்டுத் தூரம் பார்க்காமல் எந்த டூருக்கும் பணம் கட்டாதீர்கள்.

போர்ட் கிளாங்கை மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பல் காலை 8 மணிக்கு வருகிறது, மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது. பார்ப்பதற்கு 9 மணி நேரம். கயிறு கட்டி, அதிகாரிகள் அனுமதி தந்து, வரிசையில் நின்று வெளியே வர 9 ஆகிவிடும். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் 5 இல்லை, 4. போக்குவரத்து நெரிசலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி 3 மணிக்கே முனையத்தில் நிற்க வேண்டும். சாலையில் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. கோலாலம்பூரில் கையில் நிற்பது காலை 10.15 முதல் பிற்பகல் 1.45 வரை, மூன்றரை மணி நேரம்.

அந்த மூன்றரை மணியில் பத்துமலையும் இரட்டைக் கோபுரமும் மதியச் சாப்பாடும் கடைத்தெருவும் என்று திட்டம் போடுவதுதான் வழக்கமான தவறு. பத்துமலையில் 272 படி ஏறி, சாமி கும்பிட்டு, இறங்கி வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வயதானவர்கள் இருந்தால் இன்னும் கூடும். அங்கிருந்து இரட்டைக் கோபுரத்துக்கு நகர நெரிசலில் அரை மணி முதல் முக்கால் மணி. மேலே ஏறிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், திங்கட்கிழமை கோபுரத்துக்கு விடுமுறை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முருகனைப் பார்ப்பதா, கோபுரத்தைப் பார்ப்பதா என்று கப்பலிலேயே முடிவு செய்துவிட்டு இறங்குவது நல்லது. பத்துமலை என்றால் முழங்கால் மறைக்கும் உடை வேண்டும், இல்லாவிட்டால் அடிவாரத்தில் துணி வாடகைக்கு எடுக்க நேரிடும். தைப்பூச வாரமாக இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், கப்பலைப் பிடிக்க முடியாது.

திரும்பும்போது இன்னொரு சிக்கல். டாக்சியில் "போர்ட் கிளாங்" என்று மட்டும் சொன்னால் ரயில் நிலையமும் படகுத்துறையும் இருக்கும் போர்ட் கிளாங் ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். க்ரூஸ் முனையம் இருப்பது புலாவ் இண்டா தீவில், ஊரிலிருந்து பல கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். "போர்ட் கிளாங் க்ரூஸ் டெர்மினல், புலாவ் இண்டா" (முன்பு பௌஸ்டெட் க்ரூஸ் சென்டர்) என்று இறங்கும்போதே டாக்சி அழைக்கும் கிராப் செயலியில் சேமித்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரை ஏற்கெனவே பார்த்தவர்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. பக்கத்திலேயே கிளாங் நகரில் ஜாலான் தெங்கு கிளானாவில் லிட்டில் இந்தியா இருக்கிறது, வாழையிலைச் சாப்பாடு அங்கேயே முடிந்துவிடும்.

பினாங்கு இதற்கு நேர் எதிர். ஸ்வெட்டன்ஹம் முனையத்தில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் கண்ணெதிரே. வாசலிலேயே மணிக்கூண்டு, பத்துப் பதினைந்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. இங்கே பணம் கட்டி பஸ் டூர் எடுப்பதுதான் தவறு. பிற்பகலில் வரும் கப்பலென்றால், குவீன் ஸ்ட்ரீட்டில் 1833இலிருந்து இருக்கும் மகாமாரியம்மன் கோயிலுக்கு முதலில் ஓடாதீர்கள், நம்மூர் போலவே மதியம் நடை சாத்தியிருக்கும். வெயில் தாழும்வரை ஆர்மீனியன் தெருப் பக்கம் சுற்றிவிட்டு மாலையில் கோயிலுக்குப் போகலாம். பினாங்கு மலை ரயிலுக்கு விடுமுறை நாளில் வரிசை நீளம். போய் வரும் சாலையையும் சேர்த்தால் மாலைப் பொழுது முழுவதையும் அதுவே விழுங்கும். சைவக்காரர்கள் கடையில் இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. பெலாச்சான் எனும் இறால் விழுது சம்பலில் கலந்திருக்கும், அதையும் கேட்க வேண்டும்.

புக்கெட்டில் கடிகாரம்

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, கரையிறங்கியதும் கைபேசி தாய்லாந்து செல்போன் கோபுரத்தைப் பிடித்துத் தானாகவே மாறிக்கொள்ளும். மாலை 5 மணிக்குள் ஏற வேண்டும் என்று கப்பல் சொல்லியிருக்கும். கைபேசியில் 4 மணி காட்டும்போது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று கடையில் நிற்போம். கப்பல் கணக்கில் அப்போதே 5. கப்பல் கடிகாரத்தை மாற்றுமா என்பதை முந்தின இரவு அறைக்கு வரும் தினக்குறிப்பில் பார்த்து, கைபேசியில் தானியங்கி நேரத்தை அணைத்துக் கப்பல் நேரத்தில் வையுங்கள். வேன் ஓட்டுநரிடம் பேசும்போது மட்டும் உள்ளூர் நேரத்தைச் சொல்லுங்கள்.

பாதோங் கடற்கரைக்கு முன்னால் கப்பல் நங்கூரமிட்டால் டெண்டர் எனும் சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பல் வழியாக டூர் எடுத்தவர்களுக்கு முதல் படகுகள், மற்றவர்களுக்கு டோக்கன். சொந்தமாக வேன் பேசியிருப்பவர்கள் நங்கூரமிட்ட நேரத்திலிருந்து ஒன்றரை மணி கழித்து வரச் சொல்லுங்கள். மே முதல் அக்டோபர் வரை மேற்குக் கரையில் அலை அதிகம், படகு இறக்க முடியாமல் போகவும் கூடும். அதனால் முன்பணம் திரும்பாத டூர் வேண்டாம். ஆடும் படகில் கால் மாற்றி ஏற முடியாதவர்கள் கப்பலிலேயே இருப்பது உத்தமம். ஃபீ ஃபீ தீவு ஆசையை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதோங்கிலிருந்து புக்கெட் தீவின் மறுபக்கப் படகுத்துறைக்குச் சாலை, அங்கிருந்து ஸ்பீட்போட், பிறகு அதே வழி திரும்ப வேண்டும். கடல் கொந்தளித்தால் உங்களுக்காகக் கப்பல் நிற்காது. நிற்பது கப்பலே நடத்தும் டூர் தாமதமானால் மட்டும்தான்.

காகிதங்கள், பணம், விமானம்

சிங்கப்பூர் விசா தேவைப்படும் கடவுச்சீட்டென்றால் அதில் மல்டிபிள் என்ட்ரி (பலமுறை நுழையும் அனுமதி) இருக்கிறதா என்று பாருங்கள். கப்பல் ஏறியதுமே சிங்கப்பூரைவிட்டு வெளியேறிவிட்டீர்கள், திரும்புவது புது நுழைவு. சிங்கப்பூர் வருகை அட்டையையும் மறுபடி நிரப்ப வேண்டும், திரும்பும் நாளுக்கு முன் மூன்று நாளுக்குள். இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பரில் விசா விலக்கு தந்தது, தாய்லாந்து 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை கேட்கிறது. இவை மாறிக்கொண்டே இருப்பவை. உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன வேண்டும் என்பதைக் கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். கரையிறங்கப் போவதில்லை என்றாலும் ஆவணம் இல்லாவிட்டால் ஏற விடமாட்டார்கள்.

கரையிறங்கும்போது கடவுச்சீட்டின் நகலும், தினக்குறிப்பில் போட்டிருக்கும் போர்ட் ஏஜென்ட் (அந்தத் துறைமுகத்தில் கப்பலின் பிரதிநிதி) எண்ணின் படமும் கையில் இருக்கட்டும். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். நடுக்கடலில் கைபேசி ஃப்ளைட் மோடில் இருக்கட்டும். கப்பலின் கடல்வழி நெட்வொர்க் வழக்கமான ரோமிங் பேக்கில் பெரும்பாலும் அடங்காது, பில் வந்த பிறகுதான் தெரியும். இஸ்திரிப் பெட்டி, எலக்ட்ரிக் குக்கர் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், ஏறுமிடத்திலேயே பிடுங்கிவைப்பார்கள்.

மது வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மலேசியாவிலிருந்து வந்திறங்குகிறவர்களுக்குச் சிங்கப்பூரில் மதுவுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் இல்லை. கப்பல் கடையில் "டியூட்டி ஃப்ரீ" என்று எழுதியிருப்பது சுங்கத்தைக் கட்டுப்படுத்தாது.

சென்னையிலிருந்து அன்று காலை வந்திறங்கி அன்று மாலையே கப்பலேறும் திட்டம் வேண்டாம். விமானம் நான்கு மணி நேரத்துக்கு மேல், தாமதமானால் கப்பல் காத்திருக்காது. செக்-இன் கவுன்ட்டரும் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணிக்கு மேல் முன்னதாகவே மூடிவிடும். முந்தின நாளே வந்து தங்குங்கள். மரினா பே க்ரூஸ் முனையத்துக்கு எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் மரினா சவுத் பியர் நிலையம், பெட்டி அதிகமென்றால் டாக்சி. திரும்பும் விமானத்தை மதியம் ஒரு மணிக்குப் பிறகு போடுங்கள். கப்பல் காலை 7 மணிக்கு வந்தாலும், ஆயிரக்கணக்கானோர் பெட்டி எடுத்துக் குடிநுழைவைத் தாண்டி முடிக்கப் பத்து மணி ஆகிவிடும்.