கஞ்சா இழுக்கிற பழக்கம் இருந்தால் நெஞ்சைக் கவனிப்பது எப்படி

கம்பம், கூடலூரிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி குமுளி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு இருமல் வந்தால் முதல் பழி பனிமேல் விழும், அடுத்தது மருந்து தெளிப்பின்மேல். இரண்டும் நெஞ்சைத் தொந்தரவு செய்யும்தான். ஆனால் கஞ்சா இழுக்கிற தம்பிமார் அதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை, மூலிகைதானே என்கிறார்கள். எந்த இலையை எரித்தாலும் தார் என்கிற பிசுபிசுப்பான கசடும், கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சு வாயுவும் வரும். சிகரெட் புகையில் உள்ள புற்றுநோய்ப் பொருட்கள் பலவும் இதிலும் உண்டு. அதோடு புகையிலைத் தூளையும் கலந்து ஏற்றினால் இரண்டு கேடும் சேர்ந்தே உள்ளே போகிறது.

முதலில் ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள். காலையில் எழுந்ததும் சளி வருகிறதா, என்ன நிறம், மேட்டில் ஏறும்போது இளைக்கிறதா, படுத்தால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறதா? தினமும் இழுப்பவர்களுக்கு மூச்சுக்குழாய் உள்சுவர் வீங்கி வருவதுதான் இதெல்லாம்.

இழுத்த புகையை உள்ளேயே அடக்கி வைக்கிற வழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். போதை தரும் பொருள் சில நொடிகளிலேயே ரத்தத்தில் கலந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அடக்குவதால் தார்தான் படியும். 1988-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஒரு சிகரெட்டோடு ஒப்பிட்டால் கஞ்சாவில் சுமார் மூன்று மடங்கு தார் உள்ளே போனது, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறிய அளவோ ஏறக்குறைய ஐந்து மடங்கு. தண்ணீர்க் குடுவை வழியாக இழுத்தால் புகை குளிரும், சுத்தமாகாது. ஒரே சிலும்பியைக் கைமாற்றி இழுப்பதும் வேண்டாம், அடைத்த அறையில் நெருங்கி உட்கார்ந்து இருமினால் காசநோய் சுலபமாகப் பரவும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம்தான். மருத்துவர் கேட்டால் கஞ்சா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், மறைத்தால் ஆஸ்துமா என்று நினைத்து மருந்து எழுதக்கூடும். ஒரு பக்க நெஞ்சில் திடீரென்று குத்தி மூச்சு வாங்கினால், நுரையீரலிலிருந்து காற்று கசிந்திருக்கலாம், ரத்தம் துப்பினாலும் அதே அவசரம்தான். வாயு என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கஞ்சாவை மட்டும் இழுப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு இன்னும் தெளிவாக நிறுவப்படவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு யாரும் தெம்பாக இருக்க வேண்டாம், இருமலும் சளியும் உறுதியானவை. நல்ல சேதி, நிறுத்தினால் இவை பெரும்பாலும் குறையும்.

நிறுத்தும்போது முதல் வாரம் கஷ்டம். தூக்கம் வராது, சுள்ளென்று கோபம் வரும், சோறு இறங்காது. இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். அந்த நாட்களில் கூட்டாளிகள் கூடும் இடத்துக்குப் போகாமல், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வைத்துவிட்டு, புகையிலையையும் சேர்த்தே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பீடி பற்ற வைத்ததும் மற்றது ஞாபகம் வரும். தனியாக முடியவில்லை என்றால் போதைப் பழக்கத்தை விட உதவும் 14446-க்கோ, மனநல உதவிக்கு 14416-க்கோ கூப்பிடலாம், இரண்டும் கட்டணமில்லா எண்கள்.