ஒற்று எங்கே வரும், எங்கே வராது?

எழுதி முடித்ததும் ஒற்றுக்காக, அதாவது இரு சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப் எழுத்துகளுக்காக மட்டும், தனியாக ஒருமுறை படியுங்கள். கதையில் மூழ்காமல், ஒவ்வொரு சொல்லின் முடிவையும் பாருங்கள். 'ஐ' உருபிலோ 'கு' உருபிலோ ஒரு சொல் முடிந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும்: பாலைக் காய்ச்சு, கடைக்குப் போ. அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி ஆகியவற்றுக்குப் பின்னும் மிகும்.

சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஒற்றைப் போட்டுவிடக் கூடாது. அது, இது, எது என்பவற்றின் பின் மிகாது. பெயரெச்சத்தின் பின்னும், அதாவது ஒரு பெயர்ச்சொல்லை எதிர்பார்த்து நிற்கும் 'தந்த', 'வந்த' போன்ற வினைகளின் பின்னும், மிகாது. 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் செய்தது. ஒரு புள்ளி பொருளையே மாற்றிவிடுகிறது, பாருங்கள்! 'அழியாத புகழ்' என்பதில் ஒற்று இல்லை. கடைசி 'த' மறைந்து 'அழியா' என நின்றால் 'அழியாப் புகழ்' என்று மிகும்.

ஒற்றைப் போலவே ஒருமை பன்மையையும் பாருங்கள்: 'ஒவ்வொரு மாணவர்களும்' தவறு, 'ஒவ்வொரு மாணவரும்' என்பதே சரி.

அடுத்தது, ஒரே நடை. முதல் பத்தியில் 'ஃபேஸ்புக்', நான்காம் பத்தியில் 'பேஸ்புக்' என்று இருந்தால் வாசிப்பவர் தடுமாறுவார். '2ஆவது', '2-வது', 'இரண்டாவது' மூன்றும் கலந்து வருவதும் அப்படித்தான். எந்த வடிவம் என்பதை முன்பே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடித்தபின், வேண்டாத வடிவத்தைக் கணினியில் தேடித் திருத்துங்கள். ஆனால் 'பேஸ்புக்' என்பதை மொத்தமாக மாற்றினால், ஏற்கெனவே சரியாக இருப்பவை 'ஃஃபேஸ்புக்' ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.