முறிகண்டிக் கச்சானும் மடியில் இருக்கும் பிள்ளையும்

ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, கையில் ஒரு பக்கெட் கச்சானோடுதான் (நிலக்கடலை) திரும்பி ஏறுவார்கள். பேருந்து வெளிக்கிட்டதும் மடியில் இருக்கிற சின்னப் பிள்ளையின் வாயிலும் இரண்டு பருப்புப் போடுவோம். என் மூத்தவளுக்கு நானும் அப்படித்தான் போட்டேன். அது எவ்வளவு ஆபத்து என்று முன்பள்ளியில் படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

ஐந்து வயது ஆகும்வரை முழுக் கச்சான் கொடுக்கவே வேண்டாம். நன்றாக அரைத்து விழுங்கப் பிள்ளைக்கு இன்னும் பழக்கம் வராத வயது அது. சிரிக்கும்போதோ வாகனம் குலுங்கும்போதோ பருப்பு மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துவிடும். அவித்த கொண்டைக்கடலைக்கும் இதே கதைதான்: விரலால் நசித்து, தோலை எடுத்துவிட்டுக் கொடுங்கள். பாலைப்பழம், நாவற்பழம் என்றால் கொட்டையை நீங்களே எடுத்துவிடுங்கள். ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ சாப்பிட விடாதீர்கள்.

இதற்காகக் கச்சானையே ஒதுக்கிவிடுவது அடுத்த தவறு. புரதமும் நல்ல கொழுப்பும் உள்ள சாமான் அது, நம் தோட்டத்திலேயே விளைகிறது. வறுத்து, தோலைப் புடைத்து, உரலில் மாவாகும்வரை இடியுங்கள். மசித்த வாழைப்பழத்திலோ குரக்கன் களியிலோ ஒரு தேக்கரண்டி கலந்தால் போதும். முதல் தடவை மிகக் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். தடிப்போ வீக்கமோ வாந்தியோ வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு இழுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த பருப்பு, கறுத்துச் சுருங்கிய பருப்பு எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். அதில் உண்டாகும் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

இனிப்பு விடயத்தில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். சீனி கூடாது என்று சொல்லிவிட்டு, அதே அளவு பனங்கட்டியை எள்ளுருண்டையில் போடுகிறோம். எனக்கும் பனங்கட்டி பிடிக்கும். ஆனால் அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான், பல்லைக் கெடுப்பதிலும் வித்தியாசம் இல்லை. இரண்டு வயது வரை சீனி, பனங்கட்டி ஒன்றுமே சேர்க்காமல் பழத்தின் இனிப்போடு விட்டுவிடலாம். பிறகும் வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். காட்டுத்தேனை ஒரு வயதுக்கு முன் நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், கைக்குழந்தையின் குடலால் அதைத் தாங்க முடியாது.

இலங்கையில் கடைக் குளிர்பானங்களில் 2016 முதல் சீனி அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. போத்தலைத் திருப்பிப் பாருங்கள், பழத்தின் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் என்பது பல வீடுகளில் வழக்கம். பயறு, கௌபி, குரக்கனில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தேயிலை தடுக்கிறது. அந்தக் கோப்பையை நிறுத்திவிட்டு, அவித்த பயறோடு ஒரு துண்டு பழுத்த கொய்யாப்பழம் கொடுத்துப் பாருங்கள். கொய்யாவில் உள்ள விற்றமின் சி இரும்பை உள்ளே எடுக்க உதவும். நேரமும் முக்கியம்: இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன் எதையாவது கொறிக்கக் கொடுத்துவிட்டு, பிள்ளை சோறு சாப்பிடுகுதில்லை என்று கவலைப்படுவதில் பயனில்லை. இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

முன்பள்ளிக்குக் கட்டும் சாப்பாட்டில் நான் அடிக்கடி காணும் தவறு, சுடச்சுடப் பெட்டியில் போட்டு மூடுவது. ஆவி உள்ளேயே நின்று வியர்க்கும். தேங்காய்ப்பூ போட்ட பயறு இந்த வெக்கைக்குப் பத்து மணிக்குள் புளித்துவிடும். ஆறவிட்டு மூடுங்கள். தேங்காய்ப்பூவை வீட்டில் சாப்பிடும்போது சேர்க்கலாம்.

கடைசியாக, பலகாரம் பிள்ளைக்கு விளையாட்டாக இருக்க வேண்டும் என்று நிறத்தூள் போடுகிறார்கள். நிறம் வேண்டுமென்றால் இடியப்ப மாவில் பீற்றூட் அவித்த தண்ணீர் போதும். சிரட்டையில் அவித்த குட்டிப் பிட்டைப் பிள்ளையே தட்டிக் கவிழ்க்கட்டும். கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா கிடைத்திருந்தால், அது ஏற்கனவே பதப்படுத்திய மா, மீண்டும் அவிக்கத் தேவையில்லை. கொஞ்சம் தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் பிசைந்து, கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையிடமே உருட்டக் கொடுங்கள். அது யாருக்குக் கிடைத்ததோ அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைக்காதீர்கள். முதல் நாள் துப்பினால் கட்டாயப்படுத்த வேண்டாம். எட்டுப் பத்துத் தடவை கண்ட பிறகுதான் சில பிள்ளைகள் புதுச் சாப்பாட்டை வாயில் வைப்பார்கள்.