"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்கு வகுப்பே தலையாட்டும். புரியாதவருக்குத் தனக்குப் புரியவில்லை என்பதே பல நேரம் தெரியாது. அது தெரிந்தவருக்கோ சொல்லக் கூச்சம். அதற்குப் பதில், பாடத்தின் நடுவில் ஒரே ஒரு கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள்; விடையின் வரிசை எண்ணை விரல்களால் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வியை முந்தின நாளே எழுதி வைப்பது நல்லது. தவறான விடைகளில்தான் சூட்சுமம். உதாரணமாக, இந்தத் தசம எண்களில் எது பெரியது?

1) 0.3
2) 0.35
3) 0.125

125 பெரிய எண்ணாயிற்றே என்று நினைப்பவர் மூன்றைக் காட்டுவார். இலக்கம் குறைந்தால் மதிப்பு கூடும் என்று நம்புபவர் ஒன்றைக் காட்டுவார். 0.4, 0.35, 0.125 என்று கொடுத்திருந்தால் இந்த இரண்டாம் ஆள் தப்பான காரணத்தோடே சரியான விடைக்கு வந்திருப்பார், உங்களுக்கும் தெரிந்திருக்காது.

கேட்டதும் ஐந்து வினாடியாவது வாய் திறக்காமல் இருங்கள். (ஆசிரியருக்குத்தான் இது கஷ்டம்.) பிறகு சைகை காட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில், விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும். கையைத் தூக்கவிட்டால் பக்கத்து விரலைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள்.

ஓரிருவர் மட்டும் தவறினால் பயிற்சி நேரத்தில் அவர்களிடம் போய் உட்காருங்கள். கால்வாசிப் பேருக்கு மேல் தவறினால் வேறு வழியில் மறுபடி விளக்குங்கள், 0.3-ஐ 0.300 என்று எழுதிக் காட்டலாம். பிறகு எண்களை மாற்றி மீண்டும் கேளுங்கள். அதே எண்களைத் திரும்பக் கேட்டால் நினைவாற்றலைத்தான் சோதிக்கிறீர்கள்.