கிராம சபையில் உங்கள் தெரு வேலையைத் தீர்மானமாக்குவது எப்படி?

கிராம சபைக்குப் போகும் பலரும் செய்வது ஒன்றுதான். மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். கூட்டம் சூடேறியதும் எழுந்து சத்தம் போடுவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "செய்துடலாம், உட்காருங்க" என்பார். அடுத்த மழைக்கும் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

ஊராட்சிக்கு வரும் மானியத்தில் எந்த வேலை நடக்கவேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை நமக்குச் சட்டப்படியே இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம வளர்ச்சித் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தரும் பொறுப்பைக் கிராம சபையிடம்தான் கொடுத்திருக்கிறது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் சபையின் உறுப்பினர். ஆனால் சபையில் பேசுவது கடைசியில் வரும் வேலை. அதற்கு முந்தைய சில வாரங்களில் செய்யவேண்டியதைச் செய்யாமல் போனால் பேச்சு பேச்சாகவே நிற்கும்.

படி 1: காசு எந்தக் கணக்கில் வருகிறது என்று பாருங்கள்

எல்லோரும் தாண்டிப்போகிற படி இது. முக்கியமான படியும் இதுதான். ஊராட்சிக்கு வரும் பணம் ஒரே பெட்டியில் விழுவதில்லை. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சொந்த வருவாய் ஒரு பக்கம். மாநில நிதி ஆணைய மானியம் இன்னொரு பக்கம். அதில் பெரும்பகுதியை மின்கட்டணமும் குடிநீர்த் தொட்டி இயக்குபவர் சம்பளமும் தின்றுவிடும். அப்புறம் மத்திய நிதிக்குழு மானியம். புதிய வேலைகளுக்குச் சபை கைவைக்கக்கூடிய பணம் பெரும்பாலும் இதில்தான் இருக்கும்.

இந்த மானியத்தை அலுவலகத்தில் டைடு, அன்டைடு என்று இரண்டாகச் சொல்வார்கள். 2021-26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு டைடு, அதாவது இன்ன வேலைக்குத்தான் என்று கட்டிப்போட்ட பணம். அதில் சரிபாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மறுபாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 விழுக்காடு அன்டைடு, அதாவது ஊரின் தேவைக்கு ஏற்ப. அதிலும் சம்பளம், அலுவலக நிர்வாகச் செலவு கூடாது. 2026 ஏப்ரலிலிருந்து 16-ஆவது நிதிக்குழுவின் காலம். அதனால் நீங்கள் கேட்கும் ஆண்டுக்கு விகிதம் என்ன, உங்கள் ஊராட்சிக்குத் தொகை எவ்வளவு என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதனால் என்ன பயன்? தெருவிளக்கு வேண்டும் என்று கேட்கிறீர்கள். குடிநீருக்கென்று வந்த பணம் கணக்கில் கிடந்தாலும் அதில் விளக்கு போட முடியாது. "நிதி இல்லை" என்று பதில் வரும், அது பொய்யும் இல்லை. அதே தெருவில் பழைய குடிநீர்க் குழாயை மாற்றக் கேட்டிருந்தால் வேலை நடந்திருக்கும். கழிவுநீர் உறிஞ்சுகுழியைச் சுகாதாரப் பங்கில் கேட்கலாம். சிமென்ட் சாலை என்றால் அன்டைடில்தான், அங்கே கூட்டம் அதிகம்.

படி 2: ஏற்கெனவே என்ன எழுதி வைத்திருக்கிறார்கள்?

இ-கிராம்ஸ்வராஜ் என்ற இணையதளம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. உங்கள் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, நிதியாண்டு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஆண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டம் வரும். பார்ப்பதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. தளம் சில நாள் ஆமையாக ஊரும், பொறுமை வேண்டும். வேலையின் பெயர், இடம், மதிப்பீடு, எந்த மானியம் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சில ஊர்களில் ஒரே தெருவின் பெயர் மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். அந்தத் தாளோடு சபைக்குப் போகிறவரை யாரும் லேசில் உட்காரச் சொல்லமாட்டார்கள்.

படி 3: தெருவில் உட்கார்ந்து முடிவெடுங்கள்

பத்துப் பேர் பத்து வேலை கேட்டால் ஒன்றும் நடக்காது. அதனால் சபைக்கு முன்பே தெரு அளவில் ஒரு கூட்டம் போடுங்கள். நேரம்: வேலைக்குப் போனவர்கள் திரும்பி, சமையல் முடிந்த பிறகு. இடம்: எல்லாச் சாதியினரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடம். இதில் சமரசம் வேண்டாம். கோவில் திண்ணையில் கூட்டினால் யார் வரமாட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். பள்ளி வளாகமோ நூலகக் கட்டிடமோ பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்க எளிய வழி புளியங்கொட்டை. வந்த யோசனைகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதித் தரையில் வரிசையாக வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு தாளிலும் சின்னப் படம்: குழாய், விளக்கு, சாக்கடை. ஆளுக்கு மூன்று கொட்டை. மூன்றையும் ஒரே தாளில் வைக்கலாம், பிரித்தும் வைக்கலாம். பெண்களுக்கு ஒரு நிறக் கொட்டை, ஆண்களுக்கு வேறு நிறம் என்று கொடுத்தால் இன்னொன்றும் தெரியவரும். ஆண்கள் கொட்டை சாலையில் குவிந்து, பெண்கள் கொட்டை குழாயடியில் குவிந்திருந்தால், அதைப் பற்றி அங்கேயே பேசிவிடுங்கள். எண்ணிக்கையை வைத்து அடித்துப்பேசுவதைவிட, ஏன் அப்படி என்று கேட்பதுதான் நல்லது. பிறகு முதல் இரண்டு வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களை மறக்காதீர்கள். அவர்கள் தனியாகத் தயாரிக்கும் கிராம வறுமை ஒழிப்புத் திட்டம் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோடு இணைக்கப்படவேண்டும் என்று நடைமுறையே இருக்கிறது. உங்கள் கோரிக்கை அதிலும் இடம்பிடித்தால் இரண்டு வழியில் மேலே போகும்.

படி 4: இடமும் அளவும் போட்டு எழுதுங்கள்

"எங்கள் தெருவுக்கு வடிகால் வசதி செய்து தரவும்" என்ற மனுவை வைத்துக்கொண்டு பொறியாளரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"கிழக்குத் தெருவில் ரேஷன் கடை முதல் மேல்நிலைத் தொட்டி வரை, தெருவின் தென்புறம், சுமார் 120 மீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர் வடிகால் அமைத்து, கடைசியில் ஊராட்சிக்குச் சொந்தமான இடத்தில் உறிஞ்சுகுழி அமைத்தல். பயன்பெறும் வீடுகள் 34. நிதி: மத்திய நிதிக்குழு மானியம், சுகாதாரப் பங்கு."

அளப்பதற்குக் கொத்தனாரிடம் டேப் கடன் வாங்குங்கள். "கடைசியில்" என்ற பகுதியைக் கவனித்தீர்களா? வடிகால் என்றதும் ஓவர்சியர் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீர் எங்கே போய் விழும் என்பதுதான். பதில் இல்லாத வடிகால் அடுத்த தெருக்காரனின் வாசலில் போய் நிற்கும். பிறகு சண்டை.

இன்னொன்று, நிலம். வேலை நடக்கவேண்டிய இடம் புறம்போக்கா, யாருடைய பட்டாவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண் சொல்லிக் கேட்டுவிடுங்கள். காலங்காலமாகப் பாதையாக நடந்த இடம் பட்டாவில் இருந்து, அதனாலேயே வேலை நின்றுபோவது சாதாரணமாக நடக்கிறது.

படி 5: சபை நாள்

ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த நிதியாண்டுத் திட்டம் தயாரிக்கும் வேலை அக்டோபர் 2 வாக்கில் சூடுபிடிக்கும். அதனால் புது வேலை கேட்பவர்கள் அந்தச் சபையைத் தவறவிடக் கூடாது. மனுவைச் சில நாள் முன்பே செயலரிடம் கொடுத்து, கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்லி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்ச வருகை என்று ஒன்று உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். உங்கள் தெருவிலிருந்து ஆள் திரட்டிப் போவது வெறும் பலம் காட்ட அல்ல, சபையே செல்லுபடியாவதற்கும் அது உதவும். வீடு வீடாகச் சபையின் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

பேசும்போது ஒருவர் பேசட்டும், முடிந்தால் பெண் ஒருவர். இரண்டு நிமிடம் போதும். படித்து முடித்ததும், "இதைத் தீர்மானமாக எழுதி, வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் தெருவின் பெயரும் நீளமும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே வெற்றுப் பக்கம் விட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கினால், கோடு போட்டு மூடிய பிறகுதான் போடுவோம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. தலைவர் இல்லாத நேரத்திலும் சபை நடக்கும், தீர்மானமும் தீர்மானம்தான்.

படி 6: விடாமல் பின்தொடருங்கள்

தீர்மானத்துக்கும் கடப்பாரை விழுவதற்கும் நடுவே மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பணி ஆணை என்று நான்கு கதவுகள். மாதம் ஒருமுறை செயலரிடம் "இப்போது எந்தக் கதவில் நிற்கிறது?" என்று கேளுங்கள். மதிப்பீடே போடவில்லை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்குத் தீர்மான நகலோடு கடிதம். அதற்கும் பதில் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. 30 நாளில் பதில் தரவேண்டும். தீர்மான எண்ணும் தேதியும் போட்டு, அதன்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகலைக் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தட்டிவிடுவார்கள்.

வேலை தொடங்கியதும் மதிப்பீட்டு நகலை வாங்கி வைத்துக்கொண்டு அகலம், ஆழம், கலவை மூன்றையும் தெருக்காரர்களே பார்க்கலாம். சட்டப்படி அடுத்த சபையில் பணிகளின் முன்னேற்றம் பரிசீலனைக்கு வரவேண்டும். அங்கே உங்கள் வேலையின் பெயர் வாசிக்கப்படாவிட்டால் கையைத் தூக்குங்கள்.

நகரத்தில் இருப்பவர்கள் "எங்களுக்கு?" என்று கேட்பீர்கள். 2022-இல் தமிழ்நாட்டு நகராட்சி, மாநகராட்சிகளுக்கும் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்துவிட்டன. கணக்கும் மானியங்களும் அங்கே வேறு மாதிரி. ஆனால் மூன்றாவது, நான்காவது படிகள் அப்படியே பொருந்தும். புளியங்கொட்டை கிடைக்காவிட்டால் சட்டைப் பொத்தான் போதும்.