ஆட்டின் கண் இமையைப் பார்த்துக் குடற்புழு நீக்குங்கள்

மழைக்காலத்தில் ஆடு மெலிந்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்குவதற்கு, நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் உருளைப்புழு ஒரு முக்கியக் காரணமாகும். வீக்கம் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில் ஆட்டின் மேல் இமையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, கீழ் இமையைச் சற்றுக் கீழே இழுத்து, உட்புறச் சவ்வின் நிறத்தைக் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான ‘ஃபமாச்சா’ அட்டை இந்நிறத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறது. சிவப்பாக உள்ள 1, 2 ஆகியவற்றுக்குப் பொதுவாக மருந்து தேவைப்படுவதில்லை, வெளிறிய 4, 5 ஆகியவற்றுக்கு உடனே கொடுத்தாக வேண்டும்.

பட்டி முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுவது எளிதாகத் தோன்றினாலும், அவ்வாறு அடிக்கடி செய்தால் மருந்துக்குச் சாகாத புழுக்களே மிஞ்சிப் பெருகும் என்பதால், தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும், அதன் எடைக்குரிய முழு அளவில் கொடுப்பதே சரி. கண்ணால் எடையை மதிப்பிடுவோர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், தராசு பயன்படுத்துங்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து கூடாது. உண்ணி, பேன், தட்டைப்புழு ஆகியவற்றாலும் இமை வெளிறக்கூடும். மருந்துக்குப் பின்னும் நிறம் திரும்பாவிட்டால் சாணத்தைப் பரிசோதனைக்குக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.