சித்திரை வெயிலில் இஞ்சி சோடா

திருவையாற்றில் எங்கள் வீட்டில் மூன்று வருடமாக இஞ்சி சோடா போடுகிறேன். இஞ்சியைத் தோலோடு துருவி, சர்க்கரையும் கொதித்து ஆறிய தண்ணீரும் சேர்த்துத் தினமும் கிளறினால், தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டே நுரைக்க ஆரம்பித்துவிடும். அதில் கொஞ்சம் எடுத்து, இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய வெல்லத் தண்ணீரில் கலந்து பாட்டிலில் அடைப்பேன். நிறம் தேன் மாதிரி இருக்கும்.

மார்கழியில் மூன்று நாள் வெளியே வைத்தது போலவே சித்திரையிலும் வைத்தேன். இரண்டாம் நாள் ராத்திரி கண்ணாடி பாட்டில் ஒன்று வெடித்து, அலமாரி முழுக்கச் சில்லு. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. சூடு ஏறினால் ஈஸ்ட் வேகமாகச் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது. மூடிய பாட்டிலில் அதற்குப் போக்கிடம் ஏது? "இந்த வெயில்ல இட்லி மாவே அஞ்சு மணி நேரத்துல பொங்கி வழியுது, இது பொங்காதா?" என்றார் அம்மா. அதுதான் சரி.

இப்போது கண்ணாடியே கிடையாது. பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான், மேலே நான்கு விரல் இடம் விட்டு. மண்தொட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றுகிறேன். காலையும் மாலையும் பாட்டிலை அமுக்கிப் பார்ப்பேன். கல் மாதிரி இறுகியதும் உடனே ஃப்ரிட்ஜுக்குள். சித்திரையில் பெரும்பாலும் ஒரே நாள்தான். அப்புறம் இரண்டு நாளில் குடித்துவிடுவோம். ஃப்ரிட்ஜிலும் மெதுவாக நுரைத்துக்கொண்டுதான் இருக்கும், நாள் கூடினால் ஆல்கஹாலும் கூடும்.